இருமலுக்கு எந்த வாசல்: எங்கள் நகரத்து ஈ.டி.யூ.வும் ஒரு குடும்ப வைத்தியரின் டிஸ்பென்சரியும்

கடந்த பதினான்கு மாதங்களில் எங்கள் நகரத்து அரசாங்க வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, அதாவது எல்லோரும் ஈ.டி.யூ. என்று சொல்லும் இடத்துக்கு, நான் ஐந்து முறை போயிருக்கிறேன். அவற்றில் ஒன்று சந்தேகத்துக்கு இடமில்லாத அவசரம். ஒன்று, வீட்டில் இருந்தபடி அவசரமா இல்லையா என்று எவராலும் சொல்லியிருக்க முடியாத ஒன்று. மற்ற மூன்றும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் டிஸ்பென்சரி வைத்திருக்கும் குடும்ப வைத்தியரிடம் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டியவை. இரண்டு இடங்களையும் பயன்படுத்தியவன் என்ற முறையில் இரண்டையும் பற்றி எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயரையோ வைத்தியரின் பெயரையோ குறிப்பிடப் போவதில்லை. இலங்கை மலையகத்தில் புகையிரத நிலையமும் ஒரு மாரியம்மன் கோயிலும் உள்ள எந்த நகரத்தை நீங்கள் நினைத்துக்கொண்டாலும் விவரங்கள் பெரிதாக மாறப் போவதில்லை.

முதலில் இருமல். பாடசாலை முடிந்து, சாதாரண தரப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பையும் முடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. வெளிநோயாளர் பிரிவில் இலக்கத் துண்டு கொடுக்கும் ஜன்னல் மூடப்பட்டிருந்தது. காவலாளி என்னை ஏறிட்டும் பார்க்காமல், "ஓ.பி.டி. முடிஞ்சுது மாஸ்டர், ஈ.டி.யூ.வுக்குப் போங்க" என்றார். அவர் சொன்னதில் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. நான் போனதிலும் இருக்கவில்லை. வாசலில் இருந்த தாதி பெயரையும் வயதையும் என்ன வருத்தம் என்பதையும் ஒரு பெரிய கொப்பியில் எழுதிக்கொண்டு வாங்கைக் காட்டினார். அங்கே ஒரு வைத்தியரும் இரண்டு தாதியரும் ஒரு சிற்றூழியரும் இருந்தார்கள். எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். அவர்களில் கால் விரலில் கத்தி வெட்டோடு வந்திருந்த ஒருவரைத் தவிர மற்ற அனைவரும், என் கண்ணுக்குத் தெரிந்த வரையில், என்னைப் போன்றவர்களே.

என் முறை வந்து, வைத்தியர் என் சட்டையை உயர்த்தச் சொல்லி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த அதே நேரத்தில் வெளியே தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வந்து நின்ற சத்தம் கேட்டது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களைக் குளவி கொட்டியிருந்தது. இருவர் அழுதுகொண்டே நடந்து வந்தார்கள். மூன்றாமவரைச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அவருடைய முகம் வீங்கி, கண்கள் இரண்டு கோடுகளாக மாறியிருந்தன. முந்தானையில் இறந்த குளவி ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வைத்தியர் என் முதுகிலிருந்து கருவியை எடுத்த வேகமும், தாதி அட்ரினலின் ஊசியை அந்தப் பெண்ணின் தொடையில் குத்திய வேகமும், மற்றத் தாதி சேலைன் ஏற்றுவதற்குக் கையில் நரம்பு தேடிய வேகமும் எந்தப் பெரிய நகரத்து வைத்தியசாலையையும் வெட்கப்படுத்தக்கூடியவை. நான் உயர்த்திய சட்டையை இறக்குவதற்கு மறந்து அதே முக்காலியில் இருந்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டபோது வைத்தியர் என்னிடம் திரும்பி வந்து, எந்த எரிச்சலும் இல்லாமல், எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். ஒன்பது நாள் என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை. நாலு நாள் என்றேன். வைத்தியரிடம் பொய் சொன்னதை இதில் எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்த மதிப்பீட்டில் பாதி காணாமல் போய்விடும்.

பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசை பத்தும் பனடோல் பத்தும் தந்தார்கள். மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம். முதலில் இதை ஒரு குறையாகவே மனதில் குறித்து வைத்திருந்தேன். ஆனால் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு இன்று பல நாடுகளில் பயன்படும் மான்செஸ்டர் முறை என்ற வகைப்படுத்தலில், சிவப்புக்கு உடனே, செம்மஞ்சளுக்கு 10 நிமிடத்துக்குள், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 நிமிடம் என்று காத்திருக்கக்கூடிய நேரத்தை வகுத்திருக்கிறார்கள். ஒன்பது நாள் இருமலுக்கு நீலத்துக்கு மேல் எதுவும் கிடைத்திருக்காது. அந்தக் கணக்கில் பார்த்தால் என்னை நேரத்தோடுதான் கவனித்திருக்கிறார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவசரமில்லாதவர்கள் போவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம்தான். ஆனால் காரணம் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் இருக்கிறதா காப்புறுதி இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்தே ஆக வேண்டும். ஆகவே வேறு கதவுகள் பணத்தால் மூடப்பட்டவர்களும் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் பொதுவாக எந்தக் கதவுக்கும் பணம் இல்லை. இங்கே கதவை மூடுவது மணிக்கூடு. வெளிநோயாளர் பிரிவு காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, பிறகு இரண்டு முதல் நாலு வரை. காலையில் பெரட்டு எடுத்து, அதாவது வேலைக்குப் பெயர் கொடுத்து, மலை ஏறுகிற ஒரு கொழுந்துத் தொழிலாளி நாலரைக்குக் கடைசி நிறுவை முடித்து இறங்குகிறார். இந்த இரண்டு நேர அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்று திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மற்றதற்குள் அடங்கிவிடுகிறது.

என் அண்ணி கொழுந்து பறிக்கிறவர். காய்ச்சல் என்று காலையில் ஓ.பி.டி.க்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். மதியத்துக்கு மேல் திரும்பி வந்தால் அரைப் பேர் போட்டாலும் போடுவார்கள், போடாவிட்டாலும் கேட்க முடியாது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டது. அப்படியென்றால் அண்ணியைப் பொறுத்தவரையில் இலவச வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்வரும் கட்டணம் ஒரு பேரும் பஸ் காசும். ஈ.டி.யூ.வுக்கு இரவு ஏழு மணிக்குப் போனால் ஆட்டோக் காசு மட்டும். இதைத் தெரியாமையினால் செய்கிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதுபவர்கள் ஒரு நாள் அண்ணியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அண்ணியின் கணக்கு மிகச் சரியான கணக்கு. பிழையான கணக்கு என்னுடையது: பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது, ஓ.பி.டி. இரண்டு மணிக்குத் திறக்கிறது, நான் போனது நாலு பத்துக்கு.

தோட்டத்துக்குள்ளேயே டிஸ்பென்சரி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்திய வசதி செய்து கொடுக்க வேண்டும் என்ற கடப்பாடு 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே தோட்டங்களின் மீது இருந்து வருகிறது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு, சில தோட்ட வைத்தியசாலைகளை மாகாண சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டது, சில பழைய கட்டடங்களாக மட்டும் மிஞ்சின. எங்கள் டிவிசனில், அதாவது தோட்டத்தின் எங்கள் பிரிவில், இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். எல்லோரும் டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். காயத்துக்கு மருந்து கட்டுவதிலும், யாரை உடனே நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வதிலும் அவருக்கு நிகரில்லை. ஆனால் அவர் மூன்று டிவிசன்களுக்கு ஒருவர்; எங்கள் பக்கம் வருவது வாரத்தில் இரண்டு நாள்.

இரண்டாவது முறை போனது அம்மாவின் பிரஷர் குளிசைக்காக. கிளினிக் நாளைத் தவறவிட்டோம், குளிசை தீர்ந்துபோனது, தலை சுற்றுகிறது என்று அம்மா சொன்னார், மாலை ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் பார்த்தார்கள், பயப்படும் அளவுக்கு இல்லை என்றார்கள். அதன் பிறகு, கிளினிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்த தாதி, வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இது குளிசை வாங்கும் கடை இல்லை" என்றார். சொன்ன விடயம் சரி. சொன்ன குரல் பிழை. அறுபத்தெட்டு வயதில், நாற்பத்தொரு வருடம் மலையில் கூடை சுமந்த ஒரு பெண்ணிடம் அந்தக் குரலில் பேசத் தேவையில்லை. அம்மா வீட்டுக்கு வரும் வரையில் ஒன்றும் பேசவில்லை. வந்த பிறகு, இனிமேல் அந்தப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே என்றார். இந்த வாக்கியத்துக்கு நாங்கள் பிற்பாடு கொடுத்த விலை என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். ஏனெனில் அவசரமில்லாமல் வருபவரை அவமானப்படுத்தித் திருத்துவதில் உள்ள ஆபத்து அதுதான்: அடுத்த முறை உண்மையான அவசரத்தின் போதும் அவர் வீட்டில் இருந்துவிடுவார்.

மூன்றாவது, அண்ணனின் பிள்ளைக்குக் காய்ச்சல். நாலு வயது, இரவு பத்து மணி, உடம்பு அனலாகக் கொதித்தது. பணியில் இருந்த இளம் வைத்தியர் சிங்களவர். "எங்க நோகுது?" என்று பிள்ளையிடம் கேட்டார். எங்கேயோ யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு "வலிக்குதா" என்று கேட்டால்தான் விளங்கும், ஆனாலும் பிள்ளை அந்தச் சொல்லின் புதுமையில் அழுகையை நிறுத்திவிட்டது. அவர் பிள்ளையின் நிறையைப் பார்த்து அதற்கேற்ற பரசிட்டமோல் அளவைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். வேறு வலி மருந்து எதையும், குறிப்பாக ஐபுபுரூஃபன் வகைகளை, டெங்குவாக இருக்கக்கூடும் என்பதால் கொடுக்கவே கூடாது என்றார். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும், அதற்கு முன்னரே விடாத வாந்தி, வயிற்று வலி, சிறுநீர் குறைதல், சோர்ந்து படுத்துக்கொள்ளுதல், எங்கேனும் இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நேரம் பார்க்காமல் கொண்டு வர வேண்டும் என்றும் இரண்டு மொழியிலும் கலந்து சொன்னார். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது.

இந்த மூன்றாவது விஜயத்தை வீண் என்று நான் எழுதத் தயாராக இல்லை. சாதாரணக் காய்ச்சல் என்பது மருந்து குடித்து, மூன்று நாள் கழித்து, திரும்பிப் பார்க்கும் போது கிடைக்கும் பெயர். இரவு பத்து மணிக்கு அதற்கு அந்தப் பெயர் இல்லை. நெஞ்சு எரிவும் அப்படித்தான். வாய்வு என்று தெரிவது ஈ.சி.ஜி. எடுத்த பிறகு. ஆகவே முடிவை வைத்துக்கொண்டு நோயாளியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, வலிப்பு, பாம்புக் கடி, குளவிக் கொட்டு, மருந்தோ நஞ்சோ குடித்தது, கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு என்பவற்றுக்கு, பிறகு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, போக வேண்டிய இடம் ஈ.டி.யூ.தான். நான் கேள்வி கேட்பது ஒன்பது நாள் இருமலையும் தீர்ந்துபோன குளிசையையும் பற்றி.

அப்படிப்பட்டவர்கள் போவதால் உண்மையில் என்ன கெட்டுவிடுகிறது? பெரிய நாடுகளின் பெரிய வைத்தியசாலைகளில் அவசரப் பிரிவு திணறுவதற்கு முக்கியக் காரணம் இருமல்காரர்கள் அல்ல, வாட்டில் கட்டில் கிடைக்காமல் தள்ளுவண்டியிலேயே கிடக்கும் கடும் நோயாளிகள்தான் என்பது இந்தத் துறையில் உள்ளவர்கள் நன்கு அறிந்த விடயம். அது கண்டிக்கோ கொழும்புக்கோ பொருந்தலாம். எங்கள் ஈ.டி.யூ.வில் கட்டில் ஆறு, வைத்தியர் ஒருவர். இங்கே தீர்ந்துபோகும் பொருள் கட்டில் அல்ல, அந்த ஒருவருடைய கவனம். அவர் பதினெட்டு இருமலைக் கேட்ட காதோடுதான் பத்தொன்பதாவதாக வருபவரின் நெஞ்சையும் கேட்கிறார்.

நாலாவது முறைதான் உண்மையான அவசரம். ஒரு சனிக்கிழமை, அதிகாலை இரண்டு மணி. அம்மாவின் அறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். வேர்வையில் நனைந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, என்னை என் இறந்துபோன மாமாவின் பெயரால் கூப்பிட்டார். கனவில் வரும் ஏதோ உளறல் என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பிதான் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தான். 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் இந்திய அரசின் நன்கொடையோடு தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த அந்த இலவச அம்புலன்ஸ் சேவையைப் பற்றி நான் குறை கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கும் குறை இருக்கவில்லை. குறை எங்கள் முகவரியில் இருந்தது. லயத்துக்கு, அதாவது நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீட்டிலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. தம்பி தொலைபேசியில், கோயில் வளைவைத் தாண்டி, பழைய கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், டோர்ச் லைட்டோடு நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மலைப் பாதையில் ஓடினான். வந்தவர்கள் விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தார்கள்: 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வைத்தியசாலை வாசலில் இறக்கும்போது அம்மா என்னை என் பெயரால் கூப்பிட்டு, எதற்கு இங்கே கூட்டிக்கொண்டு வந்தாய் என்று கோபித்துக்கொண்டார்.

ஈ.டி.யூ.வில் அன்று காத்திருப்பு என்ற சொல்லுக்கே இடமிருக்கவில்லை. வாங்கில் இருந்தவர்களைத் தாண்டி நேரே உள்ளே கொண்டு போனார்கள். அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு. அதற்குக் கொடுக்கும், சீனியைக் குறைக்கும் சில குளிசைகளின் வேகம் ஒரு குளுக்கோஸோடு அடங்காது, பல மணி நேரத்துக்குப் பிறகும் திரும்பக் கீழே இழுக்கும் என்பதால், அம்மா தெளிந்து பேசிக்கொண்டிருந்த போதும் வீட்டுக்கு அனுப்பாமல் வாட்டில் வைத்து மணிக்கு மணி சீனியைப் பார்த்தார்கள். முன்னொரு நாள் கடை இல்லை என்று சத்தம் போட்ட அதே தாதிதான் விடிகிற நேரத்தில் தன்னுடைய போத்தலில் இருந்து அம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மா குடித்தார், நன்றி மட்டும் சொல்லவில்லை.

பிற்பாடு கேட்டபோதுதான் தெரிந்தது: மாலை ஆறு மணிக்கே அம்மாவுக்குக் கை நடுங்கியிருக்கிறது, கண் இருட்டியிருக்கிறது. சொன்னால் ஈ.டி.யூ.வுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லாமல் படுத்துவிட்டார்.

ஈ.டி.யூ. உயிரைக் காப்பாற்றியது. ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதைக் கண்டுபிடித்தது அந்த இடம் அல்ல. அது அதன் வேலையும் அல்ல. அடுத்த வாரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள டிஸ்பென்சரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓய்வு பெற்ற அரசாங்க வைத்தியர், எழுபதை எட்டியவர். இரண்டு அறை, ஒரு நீளமான வாங்கு, யாரும் கண்டுகொள்ளாத ஒரு மீன் தொட்டி, மருந்து கொடுக்கும் சின்ன ஜன்னல். அம்மாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தவர் அதை மூடி வைத்துவிட்டு, "வீட்டில இருக்கிற குளிசை எல்லாத்தையும் கொண்டு வாங்கம்மா, ஒன்டு விடாம" என்றார். நல்லவேளையாக, என் அம்மா குளிசைப் பையை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவர். அதே இடத்தில் மேசை மேல் கொட்டினார்.

அந்த மேசையை நான் மறக்கப் போவதில்லை. வெள்ளிக் கீற்றுகள், மஞ்சள் உறைகள், பெயர் அழிந்த ஒரு போத்தல், 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டின் போது கிடைத்ததை வாங்கிச் சேர்த்து வைத்தவை, பக்கத்து லயத்து அக்கா கொடுத்த மூட்டு வலிக் குளிசை. வைத்தியர் ஒரு அடிமட்டத்தின் விளிம்பால் அவற்றைக் குவியல் குவியலாகப் பிரித்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு கீற்றுகளை மட்டும் எடுத்து என் பக்கம் தள்ளினார். ஒன்று வெள்ளைப் பெட்டியில் கிளினிக்கில் கொடுத்தது. மற்றது, கிளினிக்கில் மருந்து இல்லை என்று வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்த மாதத்தில் நான் பாமசியில் வாங்கியது. வேறு கம்பெனி, வேறு நிறம், வேறு பெயர், பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரே மருந்து: சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட். கிளினிக்கில் மருந்து திரும்ப வந்த பிறகு அம்மா இரண்டையும் சேர்த்துக் குடித்திருக்கிறார், காலையும் இரவும், மூன்று வாரமாக. அன்று இரவு பசியில்லை என்று சாப்பிடாமலும் படுத்திருக்கிறார். பாமசியில் வாங்கியவன் நான். சிறிய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவனும் வீட்டில் நான்தான்.

வைத்தியர் இரண்டாவது கீற்றைத் தன் மேசை லாச்சியில் போட்டு மூடினார். அக்கா கொடுத்த மூட்டு வலிக் குளிசையையும் எடுத்துக்கொண்டார். சிறுநீரகத்துக்கு ஆகாது என்றார். மீதியில் எதை எப்போது குடிப்பது என்று அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத காரணத்தினால் உறைகளின் மேல் சூரியனையும் பிறையையும் வரைந்து கொடுத்தார். சாப்பிடாத இரவுக்கு, உறைக்கு மேல் ஒரு காலித் தட்டை வரைந்து அதன் மேல் குறுக்குக் கோடு போட்டார். மருந்தோடு சேர்த்து 900 ரூபா வாங்கினார். அண்ணியின் ஒரு பேரை விடக் குறைவு என்பதை மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அண்ணிக்கு அது சிறிய காசு என்று சொல்லவில்லை, மாதக் கடைசியில் அது இல்லாத காசு.

இப்போது டிஸ்பென்சரியின் குறைகளைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை இல்லாமல் இல்லை. முதலாவது, அவர் தரும் உறைகளில் மருந்தின் பெயர் எழுதப்படுவதில்லை. சூரியன் இருக்கிறது, பிறை இருக்கிறது, பெயர் இல்லை. ஒரே மருந்தை இரு பெயரில் குடித்ததைக் கண்டுபிடித்தவரே மூன்றாவது பெயரில்லாத உறை ஒன்றைத் தருகிறார் என்பதை அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, கேட்டால் எழுதித் தருவேன் மாஸ்டர் என்றார். கேட்டேன், எழுதித் தந்தார், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, தோட்டத்தில் சம்பளம் போடும் பத்தாம் திகதியை ஒட்டிய நாட்களில் வாங்கு நிரம்பி, வரிசை பேக்கரி வரையில் போகும். அந்த மூன்று நாட்களும் ஈ.டி.யூ.வை விட இங்கேதான் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, இரத்தப் பரிசோதனைக்கு அடுத்த கட்டடத்து லெப்புக்கு அனுப்புகிறார், அது தனிச் செலவு. தண்ணி மருந்து வேண்டுமானால் போத்தல் நாம்தான் கொண்டு போக வேண்டும். இதைக் குறையாகச் சொல்கிறேனா பழைய பழக்கம் என்று ரசித்துச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் நேரம். மாலை நாலரை முதல் எட்டு வரை திறந்திருக்கிறது. மலையில் இருந்து இறங்கி, முகம் கழுவி, ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் போதும். 2018ஆம் ஆண்டு முதல் உலக வங்கியின் கடனுதவியோடு ஆரம்ப சுகாதார சேவையை வலுப்படுத்தும் திட்டம் ஒன்றை அரசாங்கம் நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொருவருக்கும் பக்கத்து வைத்திய நிலையத்தில் தன்னைத் தெரிந்த ஒரு குடும்ப வைத்தியர் இருக்க வேண்டும் என்ற நோக்கமும் அந்தக் காலத்துக் கொள்கையில் இருந்தது. நல்ல எண்ணம்தான். அந்தப் பக்கத்து வைத்திய நிலையமும் நாலு மணிக்கு மூடினால், தோட்டத்துக்காரருக்கு அது இன்னொரு ஓ.பி.டி. மட்டுமே. பிரதேச வைத்தியசாலையின் ஒரே ஒரு அறை வாரத்தில் மூன்று மாலை ஏழு மணி வரை திறந்திருந்தால் எங்கள் ஈ.டி.யூ. வாங்கில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம்தான், ஆனால் ஐந்து முறை அந்த வாங்கில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டவனின் அபிப்பிராயம்.

ஈ.டி.யூ.வில் சரி செய்ய வேண்டியவை சிறியவை, செலவில்லாதவை. எது அவசரம் என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை இல்லை. இருக்கும் பலகையில் "அவசர" என்பதில் ஒரு எழுத்து விழுந்து பல வருடமாக "அவச" என்று நிற்கிறது. கழிவறையின் திறப்பு சிற்றூழியரின் சட்டைப் பையில் இருக்கிறது, அவர் தேநீர் குடிக்கப் போனால் திறப்பும் போய்விடும். இரவில் தமிழ் பேசுகிறவர் பணியில் இல்லாவிட்டால் நோயாளிக்கு நோயாளி மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது; ஒரு பெண் தன் மாதவிடாய்த் தொல்லையை முன்பின் தெரியாத ஆட்டோக்காரர் மூலமாக வைத்தியருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்காதது போல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நட்சத்திரம் போடுவதானால், உண்மையான அவசரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. இருமலுக்கு இரண்டு. அந்த இரண்டைக் கூட வைத்தியசாலை பெற்றதாகச் சொல்ல முடியாது, அது நான் பெற்றது. டிஸ்பென்சரிக்கு நாலு, உறையில் பெயர் எழுதத் தொடங்கினால் நாலரை.

ஐந்தாவது முறை இந்தச் சித்திரையில். டிஸ்பென்சரிக் கதவில், வருடப்பிறப்பை முன்னிட்டு 12ஆம் திகதி முதல் 17ஆம் திகதி வரை மூடப்படும் என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. 14ஆம் திகதி மாலை எனக்குக் காதுக்குள் குத்தல்; வீட்டில் பொங்கல் பானையைக் கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போயிருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டே போனேன். வாசலில் அதே தாதி. கொப்பியைத் திறந்து, பேனாவை எடுத்து, என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மாஸ்டர், இது ஈ.டி.யூ. கேஸா?" என்றார்.

"இல்ல மிஸ்ஸி" என்றேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு நாள்." இந்த முறை உண்மை.

துண்டில் 23 என்று எழுதி, வாங்கின் கடைசியைக் காட்டினார். எனக்கு முன்னால் பல் வலியோடு ஒருவர், பலகாரம் அதிகமாகித் துடித்த இரண்டு பிள்ளைகள், வெடி கொளுத்திக் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு வாலிபன். வாலிபனை மட்டும் உடனே உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தோம்.